அரை டன் வண்டிக்கு இரண்டு காற்றுப் பைகள்

— தலைகீழா மாட்டறேக்கா.

— எதை?

— பையைத்தான். காத்து ஏத்தற ஓட்டை மேல பாத்து இருக்கணும். நீ அதைக் கீழே அச்சுப் பக்கம் வச்சு முறுக்கிட்டிருக்கே.

— படத்துல இப்படித்தான் போட்டிருக்கு, கிர்பி.

— அப்போ படத்தைத் தலைகீழா வச்சுப் பாத்திருப்பே.

— நீ காபியைக் குடிச்சிட்டு கம்முனு உக்காரு. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோ. உன் நிழல் விழுந்து எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

— தள்ள மாட்டேன். இந்த ராலின்ஸ் ஊர்ல சனிக்கிழமை காலையில இதைவிட நல்ல தமாஷ் எங்கே கிடைக்கும்? ஸ்கூல் பஸ் ஓட்டற ட்வைலா அம்மணி அட்டையை விரிச்சு வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்துக்கிட்டு மெக்கானிக் வேலை பாக்கறாங்க. காலு ரெண்டும் மட்டும் வெளியே தெரியுது. சாக்ஸ்ல ஓட்டை வேற.

— என் சாக்ஸ். என் ஓட்டை.

— எம்மெட் மாமா எங்கே? பொண்டாட்டியை வண்டிக்கு அடியில தள்ளிட்டு மனுஷன் உள்ளே என்ன பண்றார்?

— அவருக்கு இடுப்பு வலி.

— நேத்து சாயங்காலம் விறகு பொளக்கறப்போ இல்லாத இடுப்பு இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு? அதுவும் என்ன பொளக்கறது! கோடாலியைக் கரண்டி மாதிரி பிடிச்சுக்கிட்டு. பாக்க முடியாம நான் உள்ளே போயிட்டேன்.

— நீ எழுந்து வந்து பொளந்திருக்கலாமே.

— அவர் கெடுத்து வச்ச விறகை நான் எதுக்குத் தொடணும்? அதை விடு. இந்த வண்டியைப் பத்திப் பேசுவோம். கேட்டுக்கோ, இது வண்டியே இல்லை. அரை டன் சுமக்கற பிக்கப். கடைக்குப் போய் முட்டையும் ரொட்டியும் வாங்கிட்டு வர்றதுக்காகச் செஞ்சது. பின்னாடி ரெண்டு வைக்கோல் கட்டு வச்சா பெருமூச்சு விடும். என்கிட்ட இருந்துச்சே டீசல், பின்னாடி நாலு சக்கரம், அது வண்டி. இந்த ட்ரெய்லரை இழுத்துட்டுப் போகும்போது பின்னாடி ஒண்ணு வருதுன்னே அதுக்குத் தெரியாது.

— அந்த டீசல்தான் இப்போ ஷானா வீட்டு வாசல்ல நிக்குது. விவாகரத்துல ஜட்ஜ் அவ கையில தூக்கிக் கொடுத்தாச்சு. போய்க் கேட்டு வாங்கிட்டு வாயேன்.

— அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

— நீதானே ஆரம்பிச்சே.

— நான் டீசலைப் பத்தி ஆரம்பிச்சேன். அவளைப் பத்தி இல்லை.

— சரிங்க துரை. அந்தப் பெரிய ஸ்பேனரை இப்படி நகர்த்து.

— நகர்த்த மாட்டேன். இந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேண்டாம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. எதுக்கு நீ என் வீட்டை இழுத்துட்டுப் போகணும்?

— வீடு இல்லை. ட்ரெய்லர். என் கொல்லையில நிக்கற ட்ரெய்லர். என் கரண்டு, என் தண்ணி.

— பத்திரம் என் பேர்ல இருக்கு.

— இருக்கட்டும். ரெண்டு வாரம்தான்க்கா, ஒரு இடம் பாத்துடறேன்னு சொல்லிக் கொண்டுவந்து நிறுத்தினே. டயருக்கு அடியில புல்லு மொளைச்சு, காஞ்சு, மறுபடி மொளைச்சு, எத்தனை பனிக்காலம் போயிடுச்சு! வாடகைன்னு ஒரு வார்த்தை கேட்டேனா நான்? ரெண்டு ராத்திரிக்கு இரவல் குடுன்னு கேக்கறேன். பஸ் ஓட்டற பொம்பளைங்க எல்லாரும் சாரடோகா வெந்நீர் ஊத்துக்குப் போறோம். அவங்கவங்க ட்ரெய்லரோட வர்றாங்க. எனக்கு ஆசை இருக்கக் கூடாதா?

— மூணு மாசத்துக்கு ஒரு தடவை குளிக்கற கூட்டத்துக்கு வெந்நீர் ஊத்து.

— வாயை அலம்பு.

— அதுவரைக்கும் நான் எங்கே படுக்கறது?

— எங்க வீட்டு சோஃபா இருக்கே.

— அந்த சோஃபாவா? அதைத் தெருவுல போட்டா நாய்கூடச் சுத்திட்டுப் போயிடும். சரி, ரெண்டு ராத்திரிதானே. அப்போ முதல்ல உள்ளே இருக்கற என் சாமானையெல்லாம் இறக்கு.

— வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

— என்ன இருக்கட்டும்? உள்ளே என்னென்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு? என் சாய்வு நாற்காலி. அதை ரெண்டு ஆளு தூக்கணும். தோட்டா வார்க்கறதுக்கு வச்சிருக்கற ஈயக்கட்டி. இரும்புச் சட்டி. டப்பா டப்பாவா பீன்ஸ். முன்சுவத்துல அந்த எல்க் மான் தலை, கொம்போட. நேத்து எல்லாமே ட்ரெய்லரோட மூக்குப் பக்கம் இருந்துச்சு. வெந்நீர்ல குளிக்கப் போற பொம்பளைக்கு ஈயம் எதுக்கு?

— இறக்கி எங்கே வைக்கறது? ஷெட்ல எம்மெட்டோட பனி வண்டியும் படகும் அடைச்சிட்டு நிக்குது. வெளியே வச்சா காத்து தூக்கிட்டுப் போயிடும். இருந்த இடத்துலயே இருக்கட்டும்.

— அதனாலதான் நேத்து கொக்கியில மாட்டினதும் இந்த வண்டி, நாய் பின்னங்காலை மடிச்சு உக்காருமே, அப்படி உக்காந்துச்சு. ஹெட்லைட் வானத்தைப் பாத்துச்சு. நான் ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் இருந்தேன். சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி.

— நானும் உன்னைப் பாத்தேன். வாயில பிஸ்கெட்டை வச்சுக்கிட்டு நீ சிரிச்ச அழகை. அதுக்குத்தான் இந்தப் பையை மாட்டறேன். பட்டை ஸ்பிரிங்குக்குப் பக்கத்துல இதை வச்சுக் காத்தை ஏத்தினா வண்டி எழுந்து நிக்கும்.

— எழுந்து நிக்கும். பாக்க நல்லாத்தான் நிக்கும். செத்தவனுக்கு கோட்டு மாட்டி உக்கார வச்சா அவனும்தான் நல்லா இருப்பான். கேட்டுக்கோ, இந்தப் பை பின்பக்கத்தைத் தூக்கும். அவ்வளவுதான். வண்டிக்கு புதுசா பலம் எதுவும் வந்துடாது. அரை டன் அரை டன்தான். அதை மறந்துட்டு, வண்டி நேரா நிக்குதே, எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சு ஸ்டியரிங்கைப் பிடிக்கறவன்தான் நெடுஞ்சாலையில பள்ளத்துல கிடப்பான்.

— உனக்கு என் மேல இவ்வளவு அக்கறை இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே.

— உன் மேல யாருக்கு அக்கறை? என்கிட்ட மிச்சம் இருக்கறதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்குக்கா. வேற எங்கேயும் எதுவும் இல்லை. அது காத்துல கவுந்தா நான் போட்டிருக்கற சட்டையோட நிப்பேன். அது தெரியுதா உனக்கு?

— தெரியுது. அதான் ஒழுங்கா மாட்டணும்னு பாக்கறேன். அந்தக் குறடு எங்கே? குழாயை வெட்டணும்.

— எதால வெட்டணும்?

— குறடால.

— அடக் கடவுளே. பண்ணிடாதே. பண்ணிட்டியா? பண்ணிட்டே. நசுங்கிப் போச்சு பாரு, கோணவாய் மாதிரி. அந்தக் குழாயைக் கூரான கத்தியால நேரா வெட்டணும். ஒரே வெட்டு. முனை கொஞ்சம் கோணினாலும் இணைப்பு வழியா காத்து கசியும். நீ பாதி வழி போறதுக்குள்ள ஒரு பக்கம் பை சப்பையாகி வண்டி நொண்டும்.

— சின்னக் குழாய்தானே, இதுல என்ன கத்தி, என்ன குறடு?

— பஸ் ஓட்டற மூளை. கதவைத் திற, கதவை மூடு, பசங்களைப் பாத்துக் கத்து. அதுக்கு மேல ஒரு நட்டு சுத்தத் தெரியாது. அந்தக் கத்தியை எடு. இல்லை, அது வெண்ணெய் தடவற கத்தி. என் பாக்கெட்ல இருக்கு. கையை எடு. கையை எடுன்னு சொல்றேன். பாத்தியா? இதுக்குப் பேரு வெட்டு.

— அழகா இருக்கு.

— எனக்குத் தெரியும் அழகா இருக்குன்னு. இப்போ அந்தக் குழாயை எப்படிக் கொண்டுபோகப் போறே? எந்த வழியா?

— இதோ, இந்த சைலன்சர் குழாய் மேல போட்டு, அப்படியே காத்தடிக்கற வாய் இருக்கற நம்பர் பிளேட்டுக்கு.

— சைலன்சர் மேல.

— ஆமா. நேர் வழி.

— நேர் வழிதான். சுடுகாட்டுக்கு நேர் வழி. பத்து மைல் ஓட்டினதும் அந்தச் சூட்டுல குழாய் உருகி வழியும். வெளியே வா.

— எதுக்கு?

— வெளியே வான்னா வா. அட்டையை அங்கேயே விடு. என்னால இதைப் பாத்துக்கிட்டு உக்கார முடியலை. ரத்தக் கொதிப்பு ஏறுது. தள்ளு.

— உன் முழங்கால் வலி?

— இருக்கு. அது என் முழங்கால். நீ அந்த விளக்கைப் பிடி. விளக்காவது பிடிக்கத் தெரியுமா? என் மூஞ்சிக்கு நேரா இல்லை. மேலே. சட்டத்துப் பக்கம். யாரு இதை மாட்டினது?

— நான்தான்.

— பழைய ரப்பர் கட்டையைக் கழட்டாமலே பையைத் தாங்கற இரும்பை மாட்டியிருக்கே. பை எங்கே உக்காரும்? உன் மடியிலயா? எல்லாத்தையும் கழட்டணும். எல்லாத்தையும். ஒரு பொம்பளை ஒரு காலை நேரத்துக்குள்ள இத்தனை தப்பு பண்ண முடியும்னு நான் நினைக்கவே இல்லை.

— நான் தொடவா?

— தொடாதே. நீ தொட்டா கெட்டுடும். அந்தச் சின்ன ஸ்பேனர். அது இல்லை. அதுக்குப் பக்கத்துல. ஆமா. இந்த நட்டை ஒரே மூச்சுல இறுக்கக் கூடாது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். மூடி மாட்டற மாதிரி சுத்திச் சுத்தி வரணும். நீ இறுக்கியிருந்தா ஒரு பக்கம் நசுங்கி ஒரு பக்கம் வாயைத் திறந்திருக்கும்.

— வெளியே காத்து எப்படி, பலமா அடிக்குமா இன்னிக்கு?

— மத்தியானத்துக்கு மேல கிளம்பிடும். அதுக்கு முன்னாடி நீ கிளம்பணும்.

— எல்க் மலைப் பக்கம் எப்படி இருக்கும்? அங்கே பக்கவாட்டுல அடிச்சா இது தாங்குமா?

— எல்க் மலையா?

— ஆமா. அங்கேதானே லாரியே கவுந்து கிடக்கும்.

— ம். அங்கே காத்து சும்மா இருக்காது. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கணும். வேகத்தைக் குறைக்கணும். பின்னாடி பெட்டி வாலை ஆட்டுச்சுன்னா பிரேக்கை மிதிக்கவே கூடாது. ட்ரெய்லர் பிரேக்குக்குன்னு கைக்கிட்ட தனி லிவர் இருக்கு, அதை மட்டும் மெல்ல அழுத்தணும். பயந்து காலை வச்சே, முடிஞ்சுது கதை. ஞாபகம் இருக்குமா?

— இருக்கும்.

— இருக்காது. வழியெல்லாம் நானா பக்கத்துல உக்காந்து சொல்ல முடியும்?

— அது சரி. இந்தா, இங்கிலீஷ் டீ எழுத்து மாதிரி இருக்கற இணைப்பு. ரெண்டு பைக்கும் ஒரே குழாய். ஒரு இடத்துல காத்தடிச்சா போதும், ரெண்டும் ஏறும். இதையும் மாட்டிடு.

— இதை யாரு கொடுத்தா உனக்கு?

— பை வந்த அட்டைப் பெட்டியிலயே இருந்துச்சு.

— பெட்டியில இருந்தா மாட்டிடணுமா? கேட்டுக்கோ. ரெண்டு பையையும் ஒரே குழாயில சேத்தா என்ன ஆகும்? வளைவுல திரும்பறே. எடை ஒரு பக்கம் சாயுது. அந்தப் பக்கத்துப் பை அமுங்கும். அதுல இருக்கற காத்து எங்கே போகும்? குழாய் வழியா அடுத்த பைக்கு ஓடும். சாயற பக்கம் இன்னும் சாயும், தூக்கற பக்கம் இன்னும் தூக்கும். உள்ளே என் எல்க் தலை சுவத்துலேருந்து இறங்கி என் கட்டில்ல படுத்துக்கும். அதைத் தூர எறி.

— எறிஞ்சிட்டேன்.

— இடது பைக்கு ஒரு குழாய், வலது பைக்கு ஒரு குழாய். ரெண்டு வாய், தனித்தனியா. முட்டாளுங்களுக்குத்தான் ஒண்ணு போதும். சோப்புத் தண்ணி கொண்டா. பாத்திரம் கழுவற சோப்பு. கொஞ்சமா. காத்தை ஏத்து. போதும். இப்போ இணைப்பு மேல ஊத்து. குமிழி வருதா?

— வரலை.

— வராது. நான் மாட்டினது.

— அப்போ முழுசா ஊதிடவா? ஊதி வண்டியை நல்லா தூக்கி வச்சிட்டு அப்புறம் ட்ரெய்லரை மாட்டிடலாம்.

— சொன்னியே ஒரு வார்த்தை. இதைச் சொல்லுவேன்னு காலையிலேருந்து காத்திட்டிருந்தேன். நாடு முழுக்க எந்தக் கேம்ப்புக்குப் போனாலும் இப்படி ஒருத்தன் இருப்பான். புதுப் பை, புதுத் தொப்பி, கையில பீர். முதல்ல பையை முழுசா ஊதுவான். அப்புறம் ட்ரெய்லரை மாட்டுவான். வண்டி நேரா நிக்கும். பொண்டாட்டியைக் கூப்பிட்டு போட்டோ எடுக்கச் சொல்லுவான். முன்சக்கரம் ரோட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். அது எவனுக்கும் கண்ணுல படாது.

— நேரா நின்னா முன்சக்கரம் எப்படி லேசாகும்?

— ஏன்னா பை பின்பக்கத்தைத் தூக்கத்தான் தூக்கும், எடையை முன்னாடி அனுப்பாது. அனுப்பறது இந்தக் கொக்கிக்கு ரெண்டு பக்கமும் இருக்கே, நீளக் கம்பி, அதோட வேலை. பையில பேருக்குக் கொஞ்சம் காத்து வச்சுக்கிட்டு, முதல்ல ட்ரெய்லரை மாட்டணும். கம்பியை இழுத்து மாட்டணும். மாட்டறதுக்கு முன்னாடி முன்சக்கரத்துக்கு மேல வளைவு எவ்வளவு உயரத்துல இருந்துச்சோ அந்த உயரத்துக்கு அது திரும்பி வரணும். அதுக்கு அப்புறம்தான் பையில காத்து. மிச்சம் இருக்கற தொய்வுக்கு மட்டும். முன்னாடியே ஊதிட்டா கம்பிக்கு வேலையே இருக்காது. சும்மா தொங்கும், எம்மெட் மாமா மாதிரி.

— அவரை இழுக்காதே.

— இழுக்கலை. அவரை இழுக்கத் தனியா ஒரு வண்டி வேணும். சரி, ஏறு. பின்னாடி வா. மெல்ல. இடது. உன் இடது இல்லை, என் இடது. நிறுத்து. நிறுத்துன்னா நிறுத்து. நாப்பது பசங்களை ஏத்திட்டுப் போறவ ஒரு கொக்கிக்கு நேரா வர மாட்டேங்கறே. இன்னும். இன்னும். ஆ. உக்காந்துச்சு.

— மாட்டிடுச்சா?

— மாட்டிடுச்சு. இறங்கி வந்து பாரு. முன்வளைவு நாலு விரல் மேலே போயிருக்கு. இப்போ கம்பியை இழுக்கறேன். ம்ம்ம். வந்துச்சா?

— இன்னும் ரெண்டு விரல் இருக்கு.

— சங்கிலியில ஒரு கண்ணி இன்னும் மேலே. ம்ம்ம்ம். இப்போ?

— முன்னாடி இருந்த மாதிரியே இருக்கு, கிர்பி.

— இப்போ ஊது. இடது. போதும். வலது. போதும். தள்ளி நில்லு. அங்கே தெருவுல போய் நின்னு பாரு.

— நேரா நிக்குது.

— பொய்யா நேரா நிக்கலை. உண்மையா நேரா நிக்குது. உள்ளே அந்த ஈயத்தையும் பீன்ஸையும் மட்டும் சக்கரத்துக்கு மேல நடுவுல நகர்த்தி வச்சிருக்கேன். காலையில நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே. இந்த ஓட்டை வண்டி இப்போ எவ்வளவு தூரம் வேணா போகும்.

— எவ்வளவு தூரம்?

— என் கை பட்ட வேலை. ஃப்ளோரிடாவுக்கே போகும்.

— ட்வைலா! இந்தா, காபி ஃப்ளாஸ்க். சாண்ட்விச்சும் வச்சிருக்கேன்.

— வந்துட்டார்யா இடுப்பு வலி. வாங்க எம்மெட் மாமா. எல்லாம் முடிஞ்சதும் கரெக்டா வர்றீங்க.

— அது வந்து, கிர்பி மச்சான்... உடம்பைப் பாத்துக்கோ.

— எதுக்கு மாமா கையைக் கொடுக்கறீங்க?

— சும்மாதான்.

— கண்ணு ஏன் கலங்கியிருக்கு?

— அது வந்து, காத்து. தூசி.

— எம்மெட், நீங்க உள்ளே போங்க.

— இல்லை ட்வைலா, சாண்ட்விச்ல ஒண்ணுக்கு மட்டும் கடுகுச் சாஸ் தடவலை. மச்சானுக்குப் பிடிக்காதேன்னு.

— எம்மெட்!

— நான் போறேன். நான் உள்ளே போறேன்.

— நில்லுங்க. பரவாயில்லை. இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது? கிர்பி, நான் சாரடோகாவுக்குப் போகலை. வெந்நீரும் இல்லை, பொம்பளைங்களும் இல்லை. கிம்பலுக்குப் போறோம். நெப்ராஸ்கா. நம்ம தங்கச்சி ராபர்ட்டா வீட்டுக்கு. நீயும் உன் நாற்காலியும் உன் ஈயமும் உன் மான் தலையும். அதனாலதான் எதையும் இறக்க விடலை.

— ஓ.

— ஓவா? கேளு. மூணு தடவை உன்கிட்ட நேராவே சொல்லிப் பாத்தேன், வேற இடம் பாருடான்னு. ஒவ்வொரு தடவையும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தே. நான் சமைச்சதுல ஒண்ணையாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா? கிறிஸ்துமஸுக்கு மரம் வச்சா கோணல். இவர் விறகு பொளந்தா கரண்டி. நான் பஸ் ஓட்டினா கதவைத் திற, கதவை மூடு. ராத்திரி உன் ஜன்னல்ல விளக்கு எரியறதைப் பாத்தாலே எங்க ஜன்னல் திரையை இழுத்து மூடிடறேன். எனக்கு அலுத்துப் போச்சு கிர்பி. என் சொந்தத் தம்பியை வெறுக்க ஆரம்பிச்சிட்டேன். அது எனக்கு வேண்டாம்.

— சொல்லி முடிச்சியா?

— முடிக்கலை. போடான்னா நீ போக மாட்டே. ஒரு வேலையை உன் கண்ணு முன்னாடி தப்பா செஞ்சாதான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பே. என் பஸ்ஸுக்குப் பின்னாடி இருக்கறதும் காத்துப் பைதான்டா. தினமும் காலையில குனிஞ்சு பாத்துட்டுத்தான் பஸ்ஸை எடுக்கறேன். குறடால குழாயை வெட்டுவேனா நான்?

— வெட்ட மாட்டே. அது எனக்குத் தெரியும். உன் நடிப்பும் உன் சமையல் மாதிரிதான் இருந்துச்சு.

— என்ன சொல்றே?

— சாரடோகாவுக்குப் போறவ வால்காட் பிரிவுலயே தெற்கே திரும்பிடுவா. எல்க் மலை அதுக்கு அப்புறம். இந்த ஊர்ல பொறந்து வளர்ந்துட்டு எல்க் மலைக் காத்து எப்படின்னு என்கிட்டயே கேக்கறே. வெளியூர்க்காரன்கூட இப்படி மாட்டிக்க மாட்டான்.

— அப்போ அந்த நேரத்துலயே கண்டுபிடிச்சிட்டியா?

— அந்த நேரத்துல இல்லை. போன மாசமே தெரியும்.

— போன மாசம் ராபர்ட்டாகிட்ட நான் பேசவே இல்லையே. போன வாரம்தான் பேசினேன். உடனே சரின்னுட்டா. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

— உடனே சரின்னுதான் சொல்லுவா. அதுக்கு முன்னாடியே நான் பேசி முடிச்சாச்சு. அவ கொல்லையில இடம் கேட்டாச்சு. பக்கத்துல தானியக் கிடங்குல லாரி ஓட்டற வேலையும் கேட்டாச்சு. இழுத்துட்டுப் போக என்கிட்ட வண்டி இல்லை, அதுதான் பாக்கி.

— எம்மெட்! என்ன இது? இந்தப் பை உங்க யோசனைன்னு சொன்னீங்க.

— அது வந்து, ட்வைலா...

— அவரை விடுக்கா. இந்த வண்டிக்கு எந்தப் பை சேரும்னு இவரே கண்டுபிடிச்சாருன்னு நினைச்சியா? இந்த மனுஷனுக்கு சைக்கிளுக்குக் காத்தடிக்கவே ஆள் வேணும். நான்தான் வாங்கச் சொன்னேன்.

— ஏண்டா, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?

— சொன்னா நீ போகாதேடான்னு சொல்லுவே. நானும் இருந்துடுவேன். எம்மெட் மாமாகிட்டச் சொன்னேன், மனுஷன் தொப்பியைக்கூட எடுக்காம அப்பவே பை வாங்கக் கடைக்குக் கிளம்பிட்டார்.